கிலுகிலுப்பையோடு யாங்கோனுக்கு

பர்மாவுக்குப் போகிறவர்கள் ரத்தினக்கல் வாங்கப் போவார்கள், தேக்கு வாங்கப் போவார்கள், தங்கக் கோபுரத்தைக் கும்பிடப் போவார்கள். நான் காய்ந்த செடி ஒன்றைப் பார்க்கப் போனேன். கையிலும் ஒரு கட்டு காய்ந்த செடி கொண்டுபோனேன். இந்தக் காய்ந்த செடி வேறு, அந்தக் காய்ந்த செடி வேறு என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு திரும்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. தொண்ணூறுகளின் பிற்பகுதி. திருச்சியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளராக எட்டாவது வருஷமும் 'தற்காலிகமாக' இருந்தேன்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், புதுக்கோட்டைப் பக்கத்து முள்காட்டில் அந்தச் செடியைப் பார்த்தேன். முழங்கால் உயரம். பேருக்குக்கூட இலை கிடையாது. கோரை மாதிரிப் பச்சைத் தண்டுகள் கொத்தாக நிற்கும். நுனியில் மஞ்சள் பூ. கோடையில் செத்த மாதிரி கிடந்து, மழை விழுந்ததும் அதே வேரிலிருந்து எழுந்துவிடும். காய் முற்றினால் உள்ளே விதை கிலுகிலுவென்று ஆடும். கிலுகிலுப்பைக் குடும்பம்தான், ஆனால் எந்தப் புத்தகத்திலும் இல்லாத கிலுகிலுப்பை. உலகம் அறியாத தாவரம் என்று எனக்குப் புல்லரித்தது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் மட்டும், "அது விளக்குமாத்துப் புல்லு சார், எங்க வீட்ல நாலு கிடக்கு" என்றாள். அறிவியல் அந்த மாதிரிச் சாட்சிகளைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் துறைத்தலைவர் நாகலிங்கம், செடியைப் பார்த்த ஐந்தாவது நிமிஷத்தில் அதற்குத் தன் பெயரை வைத்துவிடலாம் என்றார். நாகலிங்கம் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு பெரிய மரமே இருப்பது அவருக்குப் போதவில்லை. கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினோம். பதில் வந்தது: 'பர்மாவின் வறண்ட பகுதியில் வெள்ளைக்காரர் காலத்தில் எடுத்துப் பெயரும் வைத்த இதே போன்ற செடி ஒன்று ரங்கூனில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதன் காயைப் பற்றி எங்கும் குறிப்பில்லை. உங்கள் செடியின் காயில் முதுகோரம் ஒற்றை வரிசையாக முடி இருக்கிறது என்கிறீர்கள். அதைப் போய்ப் பார்க்காமல் இதைப் புதுச் செடி என்று சொல்ல முடியாது.'

"போயிட்டு வாங்க. கட்டுரை வந்துட்டா உங்க நிரந்தர ஃபைல்ல அன்னைக்கே கையெழுத்துப் போடறேன்" என்றார் நாகலிங்கம். கல்லூரியும் தாராளமாக நடந்துகொண்டது. சம்பளமில்லா விடுப்பு உடனே கிடைத்தது.

ஞாயிறு மதியம் ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், இறங்கியபோது மழை. விமான நிலையத்தில் என் கட்டைத் தூக்கிய அதிகாரி அது கிலுகிலுத்ததும் கீழே வைத்துவிட்டார். மறுபடி தூக்கிக் காதருகே வைத்து ஆட்டினார். கட்டு பிரிந்தது. தமிழ்ச் செய்தித்தாள் மடிப்புகளுக்குள் பதினான்கு காய்ந்த செடிகள்.

"இது என்ன?"

"செடி."

"என்ன செய்யும்?"

"ஒன்றும் செய்யாது."

"மருந்தா?"

"இல்லை."

"மியான்மரில் புல் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?"

அவர் இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டார். நால்வரும் முறைவைத்து ஆட்டிப் பார்த்தார்கள். நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தில்லை என்று முடிவானபோது தரையில் இரண்டு மஞ்சள் பூக்கள் கிடந்தன. பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடுகின்றன. ஸ்டியரிங்கும் வலது பக்கமே. ஜப்பானில் ஓடிக் களைத்த பழைய வண்டிகள். பஸ்ஸின் வாசல் இடது பக்கம் என்பதால் பயணிகள் நடுரோட்டில் இறங்குகிறார்கள். யாரும் அலட்டிக்கொள்வதில்லை. என் டாக்ஸியின் தரையில் ஒரு ஓட்டை. அதன் வழியாக ஸ்ட்ராண்ட் சாலையின் மழைத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போட்டாதாங் படகுத்துறைக்கு அருகே இருந்த என் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஊர் சுற்றிப் பார்த்த கணக்கில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

விடுதி அறையில் துண்டு காயவில்லை. தலையணை காயவில்லை. சுவரில் பச்சைப் பூஞ்சை. தாவரவியல்காரன் மகிழ வேண்டிய இடம்தான். ஆனால் என் செடிக்கட்டு நான்கு நாள் அங்கே இருந்தால் அதிலும் பூஞ்சை முளைக்கும்.

திங்கட்கிழமை பல்கலைக்கழகம் போனேன். வகுப்புகள் வருஷக்கணக்காக மூடிக் கிடந்தன. மாணவர் ஒருவர்கூட இல்லை. பெரிய மரங்கள், பெரிய கட்டிடம், ஒரே ஒரு குமாஸ்தா. வேட்டி மாதிரி கட்டிய லோஞ்சி, வெள்ளைச் சட்டை, முன்னால் ஒரு பேரேடு. அவருடைய ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளவில்லை. நான் தயாராகத்தான் வந்திருந்தேன். சணப்புச் செடிக்குப் பர்மிய மொழியில் 'பைக்ஸான்' என்று ஒரு பழைய புத்தகத்தில் படித்து வைத்திருந்தேன். சணப்பு என் செடிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அது போதும் என்று, உள்ளே இருந்த அறையைக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டு, புன்னகையோடு மெல்லச் சொன்னேன்: "பைக்ஸான்."

குமாஸ்தாவின் முகம் மாறியது. வாசலைப் பார்த்தார்.

"பைக்ஸான்" என்றேன் மறுபடியும், இன்னும் அன்பாக.

"இங்கே இல்லை! இங்கே இல்லை!" என்று ஆங்கிலத்தில் கத்தி, பேரேட்டை மூடி, எழுந்து நின்றார்.

செடி அங்கே இல்லை என்று நான் புரிந்துகொண்டேன். இத்தனை தூரம் வந்தது வீண். மழையில் நடந்தே விடுதிக்குத் திரும்பினேன்.

அன்று மாலை சுப்பையா அண்ணன் என்னைத் தேடி வந்தார். எங்கள் கல்லூரி ஆய்வக உதவியாளரின் சித்தப்பா மகன். தாத்தா காலத்தில் ரயில்வே கூலியாக வந்த குடும்பம். தாமுவே என்ற பேட்டையில் பேட்டரி கடை. வீட்டில் சுப்பையா, வெளியே பர்மியப் பெயரில் உ தான் மாங். ஐம்பது வயது, வெற்றிலைப் பல், முழங்கால் வரை நனைந்த லோஞ்சி.

"வாங்க சயா, டீத்தண்ணி குடிப்போம்" என்று தேநீர்க்கடைக்கு அழைத்துப் போனார். வாத்தியாருக்கு அங்கே 'சயா' என்றுதான் பெயர். கடையில் எல்லோரும் உதட்டைக் குவித்து முத்தம் கொடுப்பதுபோல் சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பரிமாறுகிறவரைக் கூப்பிடும் முறையாம். திருச்சி ஓட்டலில் இதைச் செய்தால் முதல் நாளே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். மீன்குழம்பில் அரிசிச் சேமியாவைப் போட்ட மொஹிங்கா வந்தது. மேலே பொரித்த பருப்பு வடைத் துண்டு. பசியில் இரண்டு கிண்ணம் சாப்பிட்டபடியே நடந்ததைச் சொன்னேன்.

சுப்பையா அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தவர், வடையைக் கீழே வைத்தார். "நீங்க என்னன்னு கேட்டீக?"

"பைக்ஸான்."

"ஐயோ சயா! பைக்ஸான்னா துட்டு! செடிக்கும் அதே சத்தம்தான், இல்லேங்கல. ஆனா ஆபீசுக்குள்ள போயி சிரிச்சுக்கிட்டு பைக்ஸான் பைக்ஸான்னா, அவுக என்ன நெனைப்பாக? லஞ்சம் குடுக்க வந்தீகளா, வாங்க வந்தீகளான்னு தெரியாம பயந்துருப்பாக!"

மறுநாள் அவரே கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்தார். குமாஸ்தாவிடம் பர்மிய மொழியில் பேசினார். குமாஸ்தா முதலில் சிரித்தார், பிறகு மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார், பிறகு உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவந்து என்னைக் காட்டிச் சிரித்தார். என் புலமையால் இரு நாட்டு உறவு மேம்பட்டது. அங்கே பொறுப்பில் இருக்கும் பெண் வாத்தியார், சயாமா, வியாழக்கிழமைதான் வருவார், செடிகள் இருக்கும் அறைச் சாவி அவரிடம்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டோம்.

திரும்பும்போது செடிக்கட்டு பூஞ்சை பிடிப்பதைப் பற்றிச் சொன்னேன். "நம்ம வீட்ல அடுப்புக்கு மேல பரண் இருக்கு. கணகணன்னு இருக்கும். குடுங்க" என்றார். கொடுத்துவிட்டு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். தாமுவேயில் ஒரு மாடிப்படியேறி உள்ளே நுழைந்தேன். கட்டில் முழுக்க என் பதினான்கு செடிகளும் அம்மணமாகக் கிடந்தன. சுப்பையா அண்ணன் தரையில் சம்மணமிட்டு, மூக்குக்கண்ணாடியோடு, என் செய்தித்தாள்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சயா. இந்தா பாருங்க, கோயில் யானை மட்டும் தனியாத் திரும்பி வந்துருச்சாம், பாகனைக் காணோமாம். மீதி ஏழாம் பக்கம் பார்க்கன்னு போட்டுருக்கு. ஏழாம் பக்கம் எங்க?"

எனக்கு ஏழாம் பக்கமும் தெரியவில்லை, எட்டாம் பக்கமும் தெரியவில்லை. ஒவ்வொரு செடியின் எண்ணும், எடுத்த இடமும் அந்தந்தத் தாளின் ஓரத்தில்தான் எழுதியிருந்தேன். தாளை விட்டுப் பிரிந்த செடி, பெயர் தெரியாத பிணம் மாதிரி. எது எங்கே எடுத்தது என்று கடவுளுக்கும் தெரியாது. இரண்டு வருஷம் வெயிலில் அலைந்தது கட்டிலில் வரிசையாகக் கிடந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். "பேப்பர் படிக்கவா குடுத்தேன்? படிக்கத் தெரிஞ்சா எதை வேணும்னாலும் பிரிச்சுடறதா?"

அவர் மனைவி முத்துலட்சுமி கையில் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றார். சுப்பையா அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி" என்றார் முத்துலட்சுமி. "இங்க தமிழ்ப் பேப்பரு கிடையாது. எம் பிள்ளைகளுக்குப் பேசுனா புரியும், படிக்கத் தெரியாது. இவுக நாலு எழுத்துப் பாத்து வருசக்கணக்காச்சு. ராவெல்லாம் அந்தக் கட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாக. செஞ்சது தப்புத்தான்."

சுப்பையா அண்ணன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். எழுந்து கட்டிலருகே போய் முதல் செடியைப் பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்தார். "இது உளுந்து விலை ஏறுன பக்கத்துல இருந்துச்சு. வேரு வளைஞ்சிருக்குல்ல, அது விலைப் பட்டியலை மறைச்சுக்கிட்டு இருந்துச்சு." வைத்தார். அடுத்தது. "இது கல்யாண மண்டபத் தொறப்பு விழா. மந்திரி மூஞ்சியில இந்த ரெண்டு பூவும்." அடுத்தது. "இது மணமகள் தேவை. இது பஸ்ஸு கவுந்தது. இந்தச் சின்னது, வரி விளம்பரம்."

பதினான்கையும் வைத்து முடித்தார். நான் தாளில் பூவின் கறை படிந்த இடத்தையும் பூவையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பதினான்கும் சரி. என் மாணவர்கள் மூன்று வருஷம் படித்துவிட்டு வேரையும் தண்டையும் மாற்றிச் சொல்வார்கள்.

"மன்னிச்சுக்கங்க அண்ணே" என்றேன்.

"சோறு ஆறுது சயா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பாட்டில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும், தேயிலையை ஊறவைத்துக் கடலையோடு பிசைந்த ஒரு கூட்டும் இருந்தன. தேயிலையைச் சாப்பிடுவதா என்று வேறொரு நாளாக இருந்தால் கேலி செய்திருப்பேன். அன்றைக்கு வாய் மூடிச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

வியாழக்கிழமை சயாமா வந்தார். பெயர் டோ நிலார். நாற்பது வயதிருக்கும், கன்னத்தில் சந்தனம் போல மரப்பட்டைப் பூச்சு, கையில் சாவிக்கொத்து. நல்ல ஆங்கிலம். "நீங்கள்தான் அந்தப் பைக்ஸான்காரரா?" என்று வரவேற்றார். என் புகழ் பரவியிருந்தது.

அறை முழுக்கத் தகரப் பெட்டிகள். கெட்டித் தாள்களில் ஒட்டிய காய்ந்த செடிகள் ஆயிரக்கணக்கில். மூலையில் த்வாண்டே ஊர் மண்சட்டிகளில் கரித்தணல். மழைக்காலம் முழுக்க அவர் வாரம் இரண்டு நாள் வந்து பெட்டிபெட்டியாகத் திறந்து, தணலுக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைத்து மூடுகிறாராம். மாணவர் இல்லாத பல்கலைக்கழகத்தில், யாரும் வந்து பார்க்காத செடிகளுக்கு. எங்கள் கல்லூரியில் ஹெர்பேரியம் என்ற உலர்செடி அறையில் கரையான் மட்டுமே முழுநேர ஆராய்ச்சியில் இருக்கிறது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

தேடி எடுத்துக் கொடுத்தார். பழுப்பேறிய தாள். மங்கிய மசியில்: 'வறண்ட முட்புதர்க் காடு. மணல். தண்டு கோரை போன்றது. பூ மஞ்சள்.' தண்டு, என் தண்டு. பூ, என் பூ. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எல்லாம் காயில்தான் இருந்தது. தாளின் அடியில் ஒரே ஒரு காய் இருந்தது. லென்ஸை வைத்துக் குனிந்தேன். முதுகோரம் ஒற்றை வரிசையாக முடி.

அதே செடி.

அப்போது குமாஸ்தா வந்து ஏதோ சொல்ல, டோ நிலார் "ஐந்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கதவைத் திறந்தபடி விட்டுப் போனார். நானும் அந்தக் காயும் மட்டும் இருந்தோம்.

காய் தாளில் சரியாக ஒட்டவில்லை. நுனி தூக்கிக்கொண்டிருந்தது. காய்ந்த காய், இரண்டு விரல் போதும். பூச்சி அரித்தது என்று சொல்லலாம், மழை என்று சொல்லலாம், ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம். காய் இல்லாத செடியோடு என் செடியை யாரும் ஒப்பிட முடியாது. புதுத் தாவரம், நிரந்தர வேலை, நாகலிங்கத்தின் கையெழுத்து. எட்டு வருஷமாக ஒவ்வொரு ஜூனிலும் வேலை இருக்குமா என்று தெரியாமல் கல்லூரி வாசலில் நின்ற காலைப்பொழுதுகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் காயின் இரு பக்கமும் வைத்தேன். பொய் சொல்லவில்லை, வைத்தேன். உள்ளே விதை லேசாகக் கிலுகிலுத்தது. அறுபது வருஷமாகக் காய்ந்து கிடந்தும் சத்தம் போகவில்லை.

கையை எடுத்துவிட்டேன். நல்லவன் என்பதால் அல்ல. வியர்த்துவிட்டது. வியர்த்த கையால் ஹெர்பேரியத் தாளைத் தொடக்கூடாது என்பது எங்கள் துறையில் முதல் பாடம்.

டோ நிலார் திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், காயைப் பார்த்தார். "என்னவாக இருக்க வேண்டும் என்று வந்தீர்கள்?"

"வேறு செடியாக."

"அதே செடியா?"

"அதே செடி."

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கும் ஒன்று இருந்தது. ஒரு மலைச் செடி. புதிது என்று நிச்சயமாகத் தெரியும். சரிபார்க்க வெளிநாட்டுப் புத்தகங்கள் வேண்டும், எழுதிக் கேட்டேன். கடிதம் போகும், பதில் வராது. ஆறு வருஷம். அதற்குள் வேறு நாட்டில் யாரோ வெளியிட்டுவிட்டார்." சிரித்தார். "நல்ல கட்டுரை. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்."

பிறகு இழுப்பறையிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒரு தாளைப் பார்த்து இது இன்ன செடிதான் என்று முடிவு சொல்கிறவர், எழுதி, கையெழுத்துப் போட்டு, அதன்மேல் ஒட்டிவிட்டுப் போவது வழக்கம். செடியின் பெயரை எழுதினேன். 'காய் பார்க்கப்பட்டது' என்று எழுதினேன். கீழே என் பெயர். அவர் கஞ்சிப் பசை தடவி ஒட்டினார். தூக்கிக்கொண்டிருந்த காயின் நுனிக்கும் ஒரு மெல்லிய காகிதப் பட்டையைப் போட்டு ஒட்டினார். அப்போது என் கையைத்தான் பார்த்தார் என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு.

"உங்கள் செடிகளை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றார்.

திருச்சியின் கரையான்களை நினைத்தேன். "இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து இருவரும் பதினான்கையும் கெட்டித் தாளில் ஏற்றினோம். எண்ணும் இடமும் எழுதி முடித்த பிறகு செய்தித்தாள்கள் மிஞ்சின. சனிக்கிழமை அவற்றை மடித்து, என்னை வழியனுப்ப வந்த சுப்பையா அண்ணனிடம் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். புதன்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"அந்த யானைப்பாகன் என்னதான் ஆனான் சயா? மூணு நாளா அதே நெனப்பு."

எனக்குத் தெரியாது. நான் அந்தச் செய்தியைப் படித்ததே இல்லை. "பக்கத்து ஊர்ல ஒரு விதவையைக் கட்டிக்கிட்டு டீக்கடை வச்சுட்டானாம் அண்ணே" என்றேன்.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றார் முகம் மலர்ந்து. "யானை நல்ல யானை. கொன்னுருக்காது."

யாங்கோனில் நான் செய்த ஒரே மோசடி அதுதான்.

திங்கட்கிழமை திருச்சியில் நாகலிங்கத்தின் அறையில் நின்றேன்.

"அதே செடிதான் சார்."

"காய் இருந்துதா?"

"இருந்தது சார். ஒண்ணு."

"ஒண்ணுதானா?" பேனாவை மூடி வைத்தார். "ஏன்யா, காய்ஞ்சுபோன ஒத்தைக் காய். அது எத்தனை நாளைக்கு இருக்கும்? பூச்சி இருக்கு, மழை இருக்கு. அதைப் போய் மெனக்கெட்டுப் பாத்துட்டு வந்திருக்கே."

"இப்ப ஒண்ணு மட்டும் இல்ல சார்" என்றேன். "நம்ம பதினாலையும் அங்கேயே ஒட்டிக் குடுத்துட்டு வந்துட்டேன். ஒவ்வொண்ணுலயும் அஞ்சாறு காய் இருக்கு."

அவர் பேனாவைத் திறந்து வேறு ஃபைலை இழுத்துக்கொண்டார். எனக்குப் பணி நிரந்தரம் ஆக அதற்குப் பிறகு நான்கு வருஷம் ஆனது.